நேரம் பார்த்தவர்

"பன்னிரண்டு நிமிஷம், பிள்ளை. காணாது, இன்னும் வேகமா ஓடவேணும்," என்றார் பாக்கியநாதன். பிரிட்டிஷ் ஆமியில் சிப்பாயாகச் சேருவதற்கான ஓட்டச் சோதனைக்காக லூயிஷாம் பூங்காவில் பழகும் மகள் றொசானாவுக்கு மூன்று மாதமாக நேரம் பார்ப்பவர் அவர்தான். அவள் மூச்சு வாங்கியபடி மறுபடியும் ஓடினாள்.

பெஞ்சில் இருந்த மனைவி மேரிசாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆமிக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடிவந்த மனிசன் செய்கிற வேலையா இது?

சோதனையன்று மத்தியானம் றொசானா போனில் கத்தினாள். "அம்மா, பாஸ்! ஓட்டத்திலை நான்தான் முதல்!"

"இப்ப சந்தோஷமோ?" மேரிசாந்தி கணவரிடம் சீறினாள். "நீங்கள்தானே பழக்கினது!"

பாக்கியநாதன் தலையில் கைவைத்தபடி இருந்தார்.

"அலுத்துப்போய் விட்டிடுவாள் எண்டு, ஒவ்வொரு நாளும் அவள் ஓடின நேரத்தை ஒரு நிமிஷம் கூட்டியெல்லோ சொன்னனான்!"