பூகம்பம் பேசி முடித்த கல்யாணம்

என் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தது ஒரு பூகம்பம். தரகர் கூலிகூடக் கேட்கவில்லை.

மகள் மதிவதனி அணுமின் நிலையத்தில், ஆபத்து வந்தால் உலையைத் தானாக நிறுத்தும் ரிலே அலமாரிகளுக்குப் பொறுப்பு. புது அலமாரி பூகம்பத்தைத் தாங்கும் என்று கையெழுத்துப் போடுகிறவர் வீட்டுக் கூடத்தில் அது ஒரு வருஷம் நிற்க வேண்டும் என்பது இப்போதைய சட்டம். சோதிப்பதற்காக நிலையத்துக்காரர்களே குடியிருப்புத் தரையைச் சொல்லாமல் கொள்ளாமல் பூகம்பம்போல ஆட்டுவார்கள். அலமாரி சாய்ந்தால் அவள் வேலை போய்விடும். அதன்மேல் எதுவும் மோதக்கூடாதே என்று எங்கள் வீட்டில் கட்டில் முதல் மிளகாய்ப்பொடி டப்பா வரை பட்டை போட்டுக் கட்டியிருப்போம்.

மகனுக்குப் பெண் பார்க்க வந்த சொரிமுத்து முகம் சுளித்தார். "வீடே ஆடுகையில இந்த ஆளுயரப் பெட்டி மட்டும் நிக்குமாக்கும்? இதை வெளிய தள்ளும் அண்ணாச்சி. இல்லன்னா சம்பந்தம் வேண்டாம்."

"பெட்டி இங்கதான் இருக்கும் மாமா. நீங்க இருக்கிறது உங்க இஷ்டம்," என்றாள் மதி.

அவர் விருட்டென்று எழுந்தார். தரை ஆடத் தொடங்கியது. கூடத்தில் கட்டாமல் இருந்த ஒரே சாமான் அவர்தான். அலமாரியை நோக்கி உருண்டவரை மதி பாய்ந்து பிடித்து, பட்டையால் ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டிவிட்டாள். அலமாரியில் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. கட்டை அவிழ்த்ததும் சொரிமுத்தே சம்பந்தத்துக்குச் சரி என்றார்.

நிச்சயதார்த்தத்தில் நான் இதைச் சொன்னேன். கடலே எழுந்து வந்து எங்கள் வாசலில் எட்டிப் பார்த்ததையும் சேர்த்துக்கொண்டேன். பந்தலே சிரித்தது.

சொரிமுத்து எழுந்து நின்றார். "கடல் வந்தது பொய்யி. மத்ததெல்லாம் நெசம். பெட்டி அசையல. ஜன்னல்ல கட்டிக் கெடந்தது நாந்தான்."