சிவப்புக் களம்

எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. த்ராட்டிலைக் குறைத்துவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யோசிப்பதற்கு முன்பே அவளுடைய இடது கை நெம்புகோலை அடிவரை இறக்கிவிட்டது. தலைக்கு மேலே இறக்கைகள் காற்றின் வேகத்திலேயே சுழன்றன.

ஹெலிகாப்டர் இறங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை.

பரீட்சை வைக்க வந்த கேப்டன் தேவசகாயம் கீழே விரல் நீட்டினார்.

"எஞ்சின் போச்சு. அங்க இறக்கும்மா."

போன முறை இந்தக் கட்டத்தில்தான் அவர் அவளிடமிருந்து கட்டுப்பாட்டு ஸ்டிக்கைப் பிடுங்கினார். அவர் கை அதில் பட்டால் பரீட்சை முடிந்தது. லைசென்ஸ் கிடையாது.

இப்போது அந்தக் கை முழங்காலில் இருந்தது.

அவர் காட்டிய இடம் அகலமாக, மரம் மட்டை இல்லாமல் கிடந்தது. செம்மண் பொட்டல்.

மண்ணுக்கு இவ்வளவு நேரான ஓரம் இருக்காதே.

மிளகாய்.

களம் முழுக்கக் காயப்போட்ட மிளகாய். நடுவே, தலையில் துண்டு கட்டிய பெண்கள் குனிந்து கிளறிக்கொண்டிருந்தார்கள்.

இறக்கைக் காற்று பட்டால் ஒரு வருஷ வெள்ளாமை வேலியில் தொங்கும். அவர்கள் கண்கள் என்ன ஆகும்?

களத்துக்கு அப்பால் வறண்ட கண்மாய். தூரம்தான்.

எட்டும்.

அவள் திருப்பினாள்.

கடைக்கண்ணில் அவர் கை எழுவது தெரிந்தது. அவள் பார்க்கவில்லை. வேகமானி ஊசியைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். கரை காலுக்கடியில் வழுக்கிப் போனது. மூக்கைத் தூக்கினாள். வேகம் கரைந்தது.

வெடித்த வண்டலில் ஹெலிகாப்டரின் இரண்டு கால்களும் ஒன்றாக அமர்ந்தன.

ஸ்டிக்கில் அவள் கை மட்டும் இருந்தது.

தூசி அடங்கியது.

"நான் காட்டினது இது இல்லையே."

"அது வத்தல் களம், சார்."

"நிஜமாவே எஞ்சின் நின்னிருந்தா?"

"அப்பவும் எட்டியிருக்கும், சார்."

அவர் மேலே என்று விரலால் காட்டினார்.

களத்தை விட்டு நன்றாக விலகி, வளைந்து போனாள். கீழே ஒருத்தி நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

அடுத்து என்ன கேட்பார் என்று காத்திருந்தாள். கேள்வி வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள்.

பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தவரைப் போல, அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.