இட்லிப் பானையின் மூடி

போன மாதம் இட்லிப் பானையின் ஆவி பட்டு, எட்டு வயது நறுமுகையின் மணிக்கட்டு வெந்துபோனது. அன்றைக்கே அவளுடைய அப்பா தணிகைவேல் சமையலறைக் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாளை அடித்துவிட்டான். காயம் ஆறிவிட்டது. ஆனால் குக்கர் விசில் கேட்டாலே பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தாள். அதைத்தான் அம்மா மங்கையர்க்கரசியால் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கணவன் கடைக்குப் போயிருந்தபோது, திருப்புளியை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். மகளின் முடியை இறுக்கிக் கட்டினாள். அடுப்பை அணைத்து, பானையைத் தரையில் இறக்கி வைத்து, பிள்ளையின் கையில் கெட்டித்துணியைச் சுற்றினாள்.

“மூடியை உன் பக்கம் தூக்காதே. எதிர்ப்பக்கம் தூக்கு. ஆவி அப்படியே அந்தப் பக்கமா போயிடும்.”

“பயமா இருக்கும்மா.”

“இருக்கட்டும். பயத்தோடயே தொறடி.”

அதற்குள் தணிகைவேல் வந்துவிட்டான். “உனக்கென்ன பைத்தியமா? மறுபடியும் சுட்டுக்கிட்டா என்ன பண்ணுவே?”

மங்கையர்க்கரசி திரும்பவில்லை. அவள் கை மகளின் கையைத் தொடாமல் பக்கத்திலேயே காத்திருந்தது.

“அவ ஆயுசுக்கும் கதவைச் சாத்திக்கிட்டு நீங்க கூடவே நிப்பீங்களா?”

அவன் விறுவிறுவென்று உள்ளே வந்து பானைக்கு எதிரே நின்றான். நறுமுகை நிமிர்ந்து பார்த்தாள். மூடியைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

“அங்க நிக்காதீங்கப்பா, ஆவி உங்க பக்கம்தான் வரும். நான் தொறக்கப் போறேன்.”