விரைவு வண்டி இங்கே நிற்காது

“ஏத்திருவேன்! ஆட்டு மேலேயே ஏத்திட்டுப் போயிட்டே இருப்பேன், பார்த்துக்க!”

ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார் டிரைவர். ரோட்டை அடைத்துக்கொண்டு நின்ற இருபது ஆடுகளும் அசையவில்லை. நடுவில் கம்பை ஊன்றி நின்ற ஆட்டுக்காரியும் அசையவில்லை.

“ஏத்துய்யா! தினமும் வாய்தான் ஏத்துது, வண்டி ஏத்தக் காணோமே!” என்றாள்.

காலை எட்டேமுக்கால் ஆனால் தவறாமல் நடக்கிற கூத்து இது. விரைவு வண்டி இந்த ஊர் முக்கில் நிற்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. நிறுத்துகிற டிரைவருக்கு வேலை போய்விடும். வழியில் ஏதாவது மறித்தால் மட்டும் நிறுத்தலாம்.

உயர்நிலைப்பள்ளி இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வேறு வண்டி கிடையாது. ஊரார் மூன்று தடவை மனு கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கி வைத்த மகராசன்கள் பதில் போடக்கூட மெனக்கெடவில்லை. அதற்கப்புறம்தான் ஆடுகள் ரோட்டுக்கு வந்தன. டிரைவர் தொண்டை கட்டத் திட்டி முடிப்பதற்குள் ஆறு பெண்பிள்ளைகள் பின்பக்கமாக ஏறிவிடுவார்கள்.

இன்றைக்கு என்ன வம்பு என்றால், முன் சீட்டில் செக்கிங் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார்.

“இதுங்க தொல்லை தாங்கல சார்!” டிரைவர் அவரோடு சேர்ந்து இறங்கினார். “ஆடு மேய்க்கிற ஊருக்கு எக்ஸ்பிரஸ் வண்டி கேக்குது!”

இன்ஸ்பெக்டர் நோட்டை ஆட்டி விரட்டியதும் பக்கத்தில் நின்ற ஆடுகள் மிரண்டு ஒதுங்கின. ஒரு குட்டி மட்டும் துள்ளி வந்து டிரைவரின் முழங்காலில் தலையைத் தேய்த்தது. “ச்சீ, போ சனியனே!” என்று அதைத் தள்ளிவிட்டு அவர் மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டார்.

“ஏம்மா, பஸ்ஸை மறிக்கிறியே, கொஞ்சமாவது பயம் இருக்கா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“யார் சார் மறிச்சா? ஆடு ரோட்டைத் தாண்டுது.”

“ஆறு பிள்ளைங்க ஏறி உக்கார்ற வரைக்குமா தாண்டுது?”

“நிதானமான ஆடுங்க சார். அவசரப்படுத்தினா கோவிச்சுக்கும்.”

வண்டிக்குள் கொல்லென்று சிரிப்பு. இன்ஸ்பெக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏறியிருக்கிற பிள்ளைங்க எல்லாம் இறங்குங்க!” என்று அதட்டினார்.

ஆறு பேரில் மூத்தவள் பத்தாவது படிப்பவள். ஆட்டுக்காரியின் இளைய மகள். அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “இறங்க மாட்டோம். ஒன்பதரைக்கு எனக்குப் பரீட்சை. முழுப் பரீட்சை சார், விட்டா ஒரு வருஷம் போயிடும்.”

“அப்படிச் சொல்லுடி!” என்றாள் அம்மா. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். “இவ அக்காவும் நல்லாத்தான் படிச்சா. வண்டி நிக்கலைன்னு எட்டாவதோட வீட்டுல உக்காந்தா, இப்ப சூளையில கல்லு சுமக்கிறா. ஒருத்தியைப் பறிகொடுத்தது போதும். இவளை விட மாட்டேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க!”

அந்த முகத்தைப் பார்த்து இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்வாங்கினார். ஆனால் வண்டி முழுக்க ஜனம் பார்த்துக்கொண்டிருக்கிறதே, விட்டுக்கொடுக்க முடியுமா? நோட்டைத் திறந்தார்.

“கேஸ் எழுதறேன். ஆடு யாருது?”

ஆட்டுக்காரி வண்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். இதுவரை பேச்சுக்குப் பேச்சு கொடுத்தவள் குரலைத் தாழ்த்தினாள். “என்னுதுதான். எழுதிக்குங்க.”

“அப்ப ஆட்டையெல்லாம் பிடிச்சு அடைக்கச் சொல்றேன். நீயும் ஏறு. போற வழியில போலீஸ் ஸ்டேஷன்ல இறக்கி விடறேன். மூணு மாசம் உள்ள இருந்தாத்தான் புத்தி வரும்.”

“ஏறுறேன். பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல இறக்குங்க, என்னை எங்க வேணா இறக்குங்க. ஆனா நல்லாக் கேட்டுக்குங்க சார், நாளைக்கு ஆடு வராது. இந்த ஊர்ப் பொம்பளைங்க வருவாங்க. எத்தனை பேரை அடைப்பீங்க?”

இன்ஸ்பெக்டர் மை டப்பியை எடுத்து அவள் கட்டை விரலைப் பிடித்தார். அதைப் பார்த்ததும் பெண் புத்தகப் பையோடு கீழே குதித்துவிட்டாள்.

“எங்கம்மாவைப் பிடிச்சிட்டுப் போனா நான் பரீட்சை எழுதப் போகலை!”

“ஏறுடி கழுதை! இதுக்காகவா இத்தனை பாடு? ஏறு!” ஆட்டுக்காரியின் குரல் முதல் தடவையாக உடைந்தது. பெண் தலையை ஆட்டிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. இனிமேல் கிளம்பினால்கூட அடித்துப் பிடித்துத்தான் போய்ச் சேர வேண்டும்.

இன்ஸ்பெக்டர் நோட்டை நீட்டினார். “ம்... ரேகை வை.”

அவள் கை நோட்டுக்குப் போவதற்குள், வண்டி உறுமியது. டிரைவர் கியரில் கையை வைத்தபடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். இந்தத் தடவை அவர் கத்தவில்லை.

“பாப்பா, நீ ஏறு. ஆடு என்னுது சார்.”