காலனிக் குழாய்

"தம்பி, திரௌபதி ரம்பத்தை எடுத்தாந்து காஸ் குழாயை அறுத்துட்டா. பட்டப்பகல்ல!"

ஊர்த்தலைவர் சக்கரவர்த்தி போனில் சொன்னபோது, அன்பரசன் திருவண்ணாமலையில் ஒரு பைப் கடையில் நின்றிருந்தான். பைக்கைக் கிளப்பியவன், கீழ்பென்னாத்தூர் தாண்டி அந்தக் கிராமத்தில்தான் நிறுத்தினான்.

என்றைக்கோ கட்டி, பாழடைந்து கிடந்த சாண எரிவாயுக் கலனுக்கு உயிர் கொடுத்தவன் அவன். அதற்காகவே சென்னை வேலையை விட்டான். ஊர்த்தெருவில் வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது. போன மாதம் காலனிக்கும் குழாய் இழுத்தான். அதைத்தான் காலனிக்காரியே அறுத்திருக்கிறாள்.

"நல்லது செஞ்சா இப்படித்தான் தம்பி," என்றார் சக்கரவர்த்தி, அவன் தோளில் கை வைத்து. "மனசு விட்டுடாதீங்க. ஊர்த்தெருவுக்கு நாங்க இருக்கோம் இல்ல?"

அன்பரசன் காலனிக்கு நடந்தான். திரௌபதி ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் புகை.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? உங்க இருமலைப் பார்த்துத்தானே முதல் கனெக்‌ஷனே உங்களுக்குக் கொடுத்தேன்?"

அவள் இன்னொரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"வேணாம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

அவனுக்கு வெறுத்துப் போயிற்று. "இனிமே இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன்க்கா." திரும்பினான்.

"தம்பி," என்றாள். "எங்க தெருவுல அடுப்பு எரிஞ்ச மறுநாள்லேர்ந்து, ஊர்த்தெருவுல யாரும் சாணி போடலை. தெரியுமா உங்களுக்கு?"

"வயல்ல மல்லாட்டைச் செடி பிடுங்குற வேலை ஜாஸ்தி, அதான் சாணி வரலைன்னு தலைவர் சொன்னாரே..."

"எங்க அடுப்புல எரியற காஸு அவங்க அடுப்புல எரியக் கூடாதாம். காலனிக் குழாய் இருக்கிற வரைக்கும் ஒரு கூடை சாணி கிடையாதுன்னு சொன்னவரே அந்தத் தலைவர்தான். எங்ககிட்ட இருக்கிறது நாலு மாடு. அதை வெச்சு எத்தினி நாள் ஓடும்?"

அன்பரசன் தன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டான். சக்கரவர்த்தியின் கை இன்னும் அங்கேயே இருப்பது போலிருந்தது.

"நான் போய்ப் பேசறேன்க்கா. மறுபடி குழாயை..."

"வேணாம். காலைல அறுத்தேன். மத்தியானத்துக்குள்ள கூடை கூடையா சாணி வந்துடுச்சு, போய்ப் பாருங்க."

இருமல் அடங்கும்வரை பொறுத்திருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலையை விட்டுட்டு வந்து பாழாக் கிடந்ததைச் சரி பண்ணீங்க. அந்தக் கலனாவது உயிரோட இருக்கட்டும்னுதான் தம்பி அறுத்தேன்."