தலைகீழ் லேபிள்

"மெஷின் மேலயே தலை சாஞ்சு தூங்கிருச்சு சார் இந்தம்மா," என்றார் சூப்பர்வைசர். "ஷாம்பு பாட்டில் பூரா லேபிள் தலைகீழா ஒட்டிக்கிட்டே போகுது. லாரியில ஏத்தினப்புறம்தான் முதலாளி பார்த்தார். அன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிட்டார்."

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து இதே கதைதான். வேலை போனவர்கள் ஒரு பக்கம், அனுப்பியவர்கள் ஒரு பக்கம், நடுவில் வேலையில்லாக் காப்பீட்டுப் பணம்.

எதிரே அந்தப் பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவளுடைய பழைய அடையாள அட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"இவங்களுக்குப் பணம் தரக்கூடாதுங்கறீங்க."

"முதலாளி சொல்றார் சார். இந்தம்மாவுக்குப் பணம் போனா, கம்பெனி கட்டற பிரீமியத்தை ஏத்திருவீங்களாமே. விடாதே, நேர்ல போய்ப் பேசுன்னு அனுப்பினார்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"தூங்கினது நிஜம்தான் சார். இவனுக்கு ராத்திரியெல்லாம் இழுப்பு. வீட்ல வேற ஆள் இல்லை. இந்தப் பணமும் வரலைன்னா மருந்துக்கே வழியில்லை."

"பார்த்தீங்களா, அதுவே ஒத்துக்கிடுச்சு," என்றார் சூப்பர்வைசர். "சம்பளம் வாங்கறதும் கம்பெனியில, தூங்கறதும் கம்பெனியில. ஒரு பாயும் தலகாணியும்தான் நாங்க வாங்கித் தரலை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த ஆள் இவ்வளவு கரித்துக் கொட்ட வேண்டுமா என்றிருந்தது அதிகாரிக்கு. ஆனால் சட்டம் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

"ஒண்ணு கேக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க. தப்பு பண்ணினவங்களை எச்சரிச்சு, அதுக்கப்புறமும் திருந்தலைன்னு அனுப்பினா அவங்களுக்குப் பணம் கிடையாது. வாயால சொல்லியிருந்தாலே போதும். எதுவுமே சொல்லாம திடீர்னு அனுப்பினா பணம் உண்டு. நீங்க எச்சரிச்சீங்களா?"

அந்தப் பெண் நிமிர்ந்து சூப்பர்வைசரைப் பார்த்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

"இல்லை சார்."

"ஒரு தடவைகூட?"

"எங்க சார் நேரம்? மெஷின் சத்தத்துல யார் பேசறது யாருக்குக் கேக்குது?"

"அப்போ இவங்களுக்குப் பணம் உண்டு." அதிகாரி கையெழுத்துப் போட்டார். "முதலாளிகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான்."

இருவரும் வெளியே போனார்கள். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கை வைத்தார். நடையிலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"தினமும் தட்டி எழுப்பி, இன்னொரு தடவை தூங்கினா வேலை போயிரும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டீங்களே அண்ணே."

"மெதுவாப் பேசு தாயி. கதவு திறந்திருக்கு."

அதிகாரி மணியிலிருந்து கையை எடுத்தார். எழுந்து போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.