மூன்றாவது முறிவு

டைனோசர் காலத்து மணற்பாறையிலிருந்து வெட்டியெடுத்த எலும்புக்கூடு அது. நானும் அக்காவும் ஊசியால் மணலை நீக்கிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை அதன் விலாவில் இரண்டு முறிவுகள் இருந்தன. திங்கட்கிழமை மூன்று.

"நீ உடைச்சியா?" என்றார் ஆய்வகத் தலைவர்.

புது உடைப்பு என்றால் விளிம்பு வெளுத்திருக்கும். இது விலங்கு உயிரோடிருந்தபோதே முறிந்து, மறுபடி சேர்ந்த எலும்பு. மேலே பாறைமணல் இறுகியிருந்தது. வெள்ளிக்கிழமை நான் முறிவுகளை எண்ணியதில்தான் தவறு என்று அவர் எழுதிக்கொண்டார்.

அக்கா மூச்சிழுக்கும்போதெல்லாம் இடது விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடியும் மாமா அடிச்சாரா?"

"மாடிப்படில விழுந்துட்டேன்டி."

"உங்க வீட்டுல மாடியே இல்லக்கா."

"கல்யாணம் ஆனா தானா முளைக்கும். வேலையப் பாரு."

அடுத்த திங்கட்கிழமை அக்கா வரவில்லை. வெள்ளியன்று நான் துடைத்துவைத்த மண்டையோட்டில் நீளமாக ஒரு விரிசல். அதற்குள்ளும் மணல் இறுகியிருந்தது. தலைவர் லென்ஸோடு குனிந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாரும்மா, இந்த எலும்பு மறுபடி சேரவே இல்ல. அடிபட்ட அன்னிக்கே செத்திருக்கு. அருமையான மாதிரி!"

வெளியே வந்து அக்காவின் எண்ணுக்கு அழைத்தேன். மாமாதான் எடுத்தார்.

"இப்பதான் தூங்குறா," என்றார். "எழுப்ப வேண்டாம்."